லண்டனில் மாட்டிக்கொண்ட எங்கள் தெரு

மலையாளச் சீமையில், கோட்டைக்குள்ளே எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு ஈமெயில் விலாசம்தான் இருந்தது. ஆத்துக்கு ஒன்று இல்லை, தெருவுக்கே ஒன்று. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். தண்ணீர்க் குழாயே தெருவுக்கு ஒன்று இருந்த காலத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாங்கள். மெயிலும் தெருவுக்கு ஒன்று என்றபோது எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிள்ளைகள் பெண்கள் எல்லாரும் வெளியே போயாச்சு. துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா. பெற்றவர்கள் மட்டும் ஒட்டின வீடுகளில், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இருந்தோம். போன் இருந்தது. பக்ஷே போன் பேசினால் அவர்களுக்குச் செலவு. கடிதம் எழுத அவர்களுக்கு நேரம் இல்லை. மெயில் என்றால் எழுதுவோம் என்றார்கள். அப்போது எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் சூப்பிரண்டு மாமா. சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையரானவர். அவருக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அவர்தான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள இன்டர்நெட் கடையில் போய், நல்ல நாளாக இருக்கட்டும் என்று விஜயதசமியன்று, தெருவின் பேரில் அந்த மெயில் பெட்டியைத் திறந்தார். தினம் சாயங்காலம் போவார். வந்த மெயிலையெல்லாம் காகிதத்தில் அடித்து எடுத்துக்கொண்டு விளக்கேற்றும் வேளைக்குத் திரும்பி வருவார். அவர் ஆத்துக் கூடத்தில் நாங்கள் கூடுவோம். ஆண்கள் நாற்காலியில், நாங்கள் பாயில். பைல் படிக்கிற குரலில் ஒவ்வொன்றாகப் படிப்பார். யாராத்து மருமகள் முழுகாமல் இருக்கிறாள், யாராத்துப் பிள்ளைக்கு வேலை போயிற்று எல்லாம் எல்லாருக்கும் தெரியும். பெட்டியைத் திறக்கிற பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தால் வேறு யாராவது போக வேண்டாமா? பூக்காரிக்குக்கூடத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு இரண்டாம் கிளாஸ் படிப்பு. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். மலையாளத்தில் பஸ் போர்டு படிப்பேன். இங்கிலீஷ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளைக்கு வேண்டியிருந்தது, அவன் படித்தான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய மெயில் எப்போதும் மூன்று வரிதான். 'நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏதாவது வேண்டுமானால் எழுது.' அதற்கு நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். 'இங்கே சௌக்கியம். எனக்கு ஒன்றும் வேண்டாம்.' போகப் போக அதை நான் சொல்ல வேண்டியதாகவே இல்லை. மாமா மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார்.

"வழக்கம்போலத்தானே மாமி?"

"வழக்கம்போலத்தான்."

அவன் அப்பா போனபோது வந்து காரியம் செய்துவிட்டுப் போனவன், அப்புறம் வரவில்லை. வருகிறேன் என்று அவனும் எழுதவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை. வா என்று சொல்வது கெஞ்சுவதில் சேர்த்தி என்று எனக்கு ஒரு எண்ணம். வருகிறவனுக்கு வழி தெரியும். மற்ற ஆத்து மாமிகள் ஒவ்வொரு மெயிலிலும் அழுது அழுது எழுதச் சொல்வதைக் கேட்டு நான் பாயின் நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மாமா கையில் ஒரே ஒரு காகிதத்தோடு வந்தார். முகமே வேறு மாதிரி இருந்தது. பழைய ஆபீஸ் முகம்.

"மெயில் கம்பெனியிலேருந்து தாக்கீது வந்திருக்கு," என்றார்.

உங்கள் பெட்டியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, பேர், பாஸ்வேர்டு, பிறந்த தேதி, உத்தியோகம், தேசம் எல்லாம் எழுதி உடனே அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பெட்டி மூடப்படும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும் என்று எழுதியிருந்ததாம். அழிந்துபோகும் என்றால் சும்மாவா? எல்லாருடைய பிள்ளைகளும் அந்தப் பெட்டிக்குள்ளேதானே இருந்தார்கள்.

எதிராத்து மாமிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு உண்டு, போட்டியும் உண்டு. அவள் பிள்ளை துபாயில்.

"பாஸ்வேர்டு அவாளுக்கே தெரியாதா? பெட்டியே அவா குடுத்ததுதானே?"

மாமா சிரித்தார். "மேலாபீசுக்கு நன்னாத் தெரிஞ்சதைக் கீழாபீசைக் கேக்கறதுதான் முறை மாமி. சர்வீஸ் முழுக்க நான் அதுக்குப் பதில் எழுதித்தான் சம்பளம் வாங்கினேன்."

அதற்குமேல் யார் பேசுவது? எல்லாரும் தலையை ஆட்டினோம். பிறந்த தேதியில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது. யார் பிறந்த தேதியைப் போடுவது? பெட்டி தெருவுக்குப் பொது. ஒருத்தர் தேதியைப் போட்டால் நாளைக்கு அவர் பெட்டி என்று ஆகிவிடும். கடைசியில் பெட்டி பிறந்த தேதியையே போடுவது என்று தீர்மானமாயிற்று. அந்த விஜயதசமி.

"நக்ஷத்திரம் கேக்கலையா?" என்றாள் எதிராத்து மாமி.

"கேக்கலை."

"அன்னிக்குத் திருவோணமாக்கும். அதையும் போட்டுடுங்கோ. இருக்கட்டும்."

அதையும் போட்டார். உத்தியோகம் என்ற இடத்தில் ரிட்டையர்டு என்று போட்டார். தெருவைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. அன்றைக்கு வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இருட்டினதையும் பார்க்காமல் மறுபடி கடைக்கு நடந்து, மேற்படி தங்கள் கடிதம் தொடர்பாக என்று தொடங்கி, தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன் என்று முடித்து, பாஸ்வேர்டை அனுப்பிவிட்டு வந்தார். திருடனுக்கு அவ்வளவு மரியாதையாக யாரும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்றிரண்டு சாயங்காலம் மாமா வெறுங்கையோடு திரும்பினார். பெட்டி திறக்கவில்லையாம். "சரிபார்த்துண்டிருக்கா. மேலாபீஸ் காரியம், கொஞ்சம் தாமசம் ஆகும்," என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில் எதிராத்தில் போன் அடித்தது. எதிராத்து மாமி போனில் பேசினால் அந்தப் பக்கம் சொல்வதையும் அவளே திருப்பிச் சொல்வாள், அதனால் தெருவுக்குச் சௌகரியம். நான் வாசலில் கோலத்துக்குக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரு? நீயா? என்னடா இந்த வேளையிலே? ... நான் எங்கே இருக்கேனா? அடுக்களையிலே இருக்கேன்... லண்டனா? லண்டன்லே ஏதுடா நமக்கு அடுக்களை? ... பை திருட்டுப் போயிடுத்தா? யார் பை? என் பையா? ... ஹோட்டல்காரன் வெளியிலே விடமாட்டேங்கறானா? யாரை? ... ஐயோ, அழாதேடா! ஏண்டா அழறே? நான் இங்கேதாண்டா இருக்கேன், அடுப்பிலே பால் வெச்சிருக்கேன்... பொங்கிடுத்து பார்!"

கொஞ்ச நேரத்தில் கோடியாத்தில் போன் அடித்தது. அப்புறம் அடுத்தாத்தில். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் பெட்டியிலிருந்து, எங்கள் பெட்டியில் இருந்த எல்லா விலாசத்துக்கும் ஒரு மெயில் போயிருந்தது. 'அவசரமாக லண்டனுக்கு வந்தேன். பணமும் பாஸ்போர்ட்டும் திருடு போய்விட்டன. பில்லைக் கட்டாமல் ஹோட்டலிலிருந்து வெளியே விடமாட்டோம் என்கிறார்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், உடனே பணம் அனுப்புங்கள். போனில் பேச முடியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம்.' கீழே ஆள் பேர் இல்லை. தெருப் பேர்தான் இருந்தது. அதனால் படித்தவர்கள் ஒவ்வொருவரும் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரே மெயில்தான், ஆனால் பிள்ளைக்கு ஒரு அம்மா வீதம் நாங்கள் எல்லாரும் லண்டனில் மாட்டிக்கொண்டோம். எங்களில் பாதிப் பேர் பாலக்காட்டைத் தாண்டினதில்லை.

கோடியாத்துப் பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள். போன் கிடைக்கவில்லை என்று முதலில் அவள் மெயிலுக்கே பதில் போட்டிருக்கிறாள். அம்மா, மடிப்புடவை எடுத்துக்கொண்டு போனாயா, அங்கே தயிர் கிடைக்கிறதா என்று கேட்டாளாம். அதற்குத் திருடன், அன்பே, கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார், பணத்தைச் சீக்கிரம் அனுப்பு என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறான். அதைப் படித்தும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அம்மா லண்டன் போனதும் மாறிவிட்டாள் என்று நினைத்தாளாம்.

சூப்பிரண்டு மாமா இன்டர்நெட் கடைக்கு ஓடினார். கடைக்காரர் மலையாளி, நல்ல மனுஷர். தாக்கீது காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சாரே, இது தட்டிப்பாணு. பாஸ்வேர்டு கொடுத்தோ?" என்று கேட்டாராம். தட்டிப்பு என்றால் ஏமாற்று. கொடுத்தோ என்று கேட்டதற்கு மாமா, "முறைப்படி கொடுத்தேன்" என்று பதில் சொன்னாராம். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

பக்ஷே எனக்கு அன்றைக்கு மாமா முகத்தைப் பார்க்க நேரமில்லை. நான் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லாராத்துப் போனும் அடித்தாயிற்று. என்னது அடிக்கவில்லை. தூசி துடைத்தேன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஊங் என்று சத்தம் வந்தது. போன் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம்.

எதிராத்து மாமி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம், கொஞ்சம் மோர் வாங்க வந்தவள் மாதிரி.

"உங்க பிள்ளை கூப்பிட்டானோ மாமி?"

"அங்கே இப்போ ராத்திரியாக்கும்."

"ஓ, ராத்திரி," என்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கிண்ணம்கூட இல்லை.

"அங்கே பொழுது விடிஞ்சு அஸ்தமிச்சிருக்குமே மாமி?"

"வேலைக்குப் போற பிள்ளை. உங்காத்துப் பிள்ளை மாதிரி காலம்பற உக்காந்து அழ முடியுமோ?" என்றேன். சொன்னதும் எனக்கே அது சரியில்லை என்று தெரிந்தது. அவள் முகத்தில் கோபமே வரவில்லை. அதனால்தான் தெரிந்தது. அவள் பிள்ளை அழுதான், லண்டனுக்கு டிக்கெட் கேட்டு அலைந்தான், அம்மா அடுக்களையில்தான் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டு நீ நிஜமாகவே அங்கேதானா என்று கேட்டான். அவளை இனிமேல் என்ன சொன்னாலும் ஒட்டாது.

அந்த ஒரு வாரம் தெருவில் நடந்ததை யாராவது வெளியூர்க்காரர் பார்த்திருந்தால் ஏதோ கல்யாணம் என்று நினைத்திருப்பார். திருட்டுக் கொடுத்த தெரு மாதிரியே இல்லை. ஒவ்வொரு மாமியும் தன் பிள்ளை எப்படி ஏமாந்தான் என்று விஸ்தாரமாகச் சொன்னாள். ஒருத்தன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்திருந்தான். இன்னொருத்தன் ஆபீசில் முன்பணம் கேட்டான். எவன் கூடுதல் ஏமாந்தானோ அவன் அம்மாவுக்குக் கூடுதல் மதிப்பு. ஏமாறாத பிள்ளையைப் பெற்றவள் தெருவில் நான் ஒருத்திதான். எனக்கு மட்டும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

சூப்பிரண்டு மாமா இதற்குள் தேறிவிட்டார். புகார் கொடுக்க வேண்டும் என்றார். நாலு பக்கத்துக்கு மனு எழுதினார். ஆனால் பெட்டி தெருவின் பேரில் இருக்கிறது, தெரு கையெழுத்துப் போட முடியாது, ஒரு ஆள் வேண்டும் என்று ஆயிற்று. போலீஸ் ஸ்டேஷன் என்றதும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. ஒருத்தருக்கு இடுப்பு, இன்னொருத்தருக்குத் திதி.

"நான் போடறேன்," என்றேன்.

எதிராத்து மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதோ?"

உள்ளதைச் சொன்னால், எனக்கும் அந்த வாரத்தில் ஒரு ஸ்தானம் வேண்டியிருந்தது. இருக்கிற பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டு மாமாவோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் மனுவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஆரா லண்டனில் போயது?"

"யாரும் போகலை," என்றார் மாமா.

"பின்னே ஆருடெ பாகு போயி?"

"பையும் போகலை. மெயில்தான் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பட்டுப் புடவையைப் பார்த்தார். கோவிலுக்குப் போகிற வழி தப்பி வந்தவள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். இதற்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் தெரிந்த தனி ஆபீசர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்புகிறேன், அந்தத் தாக்கீதையும் லண்டன் மெயிலையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். நான் எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, கையெழுத்துப் போட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பேனாவைத் திருப்பி வாங்கும்போது அவர் வெறுதே, சும்மா பேச்சுக்கு, ஒன்று கேட்டார்.

"அம்மயுடெ மகன் எந்து பறஞ்ஞு?"

பிள்ளை என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, அவனுக்கு வேலை ஜாஸ்தி என்றேன். போலீஸ்காரரிடம் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அது பொய்யா என்று எனக்கே தெரியாது.

பிறகு மாமா வேறு ஒரு பெட்டி திறந்தார். இந்தத் தடவை பாஸ்வேர்டைப் பூக்காரிக்குச் சொல்லவில்லை. புதுப் பெட்டிக்கு முதல் முதலாக வந்தது எதிராத்துப் பிள்ளை அனுப்பினது. ஆனால் எழுதினது அவன் இல்லை. என் பிள்ளை எழுதினது. லண்டன் மெயில் வந்த அன்றைக்கே, வந்த வேகத்தில், தெருவின் பிள்ளைகள் பெண்கள் எல்லாருக்கும் அவன் ஒரு மெயில் போட்டிருக்கிறான். போனில் அழுத அவசரத்தில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. அதைத்தான் துபாய்க்காரன் நமக்கு அனுப்பியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். என் பிள்ளை மூன்று வரிக்கு மேல் எழுதி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

'யாரும் பணம் அனுப்ப வேண்டாம். இது மோசடி. பதில்கூடப் போட வேண்டாம், பதில் போட்டால் இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பாருங்கள், அவசரம் என்கிறான், யோசிக்க விடாமல் இருக்க. போனில் பேச முடியாது என்கிறான், குரல் தெரிந்துவிடும் என்று. யாரிடமும் சொல்லாதே என்கிறான், இரண்டு பேர் பேசிக்கொண்டால் குட்டு உடைந்துவிடும் என்று. உங்கள் வீட்டுக்குப் பழைய நம்பரில் போன் செய்து கேளுங்கள். மெயில் கம்பெனிக்கு நான் புகார் கொடுத்துவிட்டேன், நீங்களும் கொடுங்கள், நிறையப் பேர் கொடுத்தால்தான் சீக்கிரம் மூடுவார்கள். இன்னொன்று. மெயில் கம்பெனி எந்தக் காலத்திலும் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது.'

இந்த இடத்தில் மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கிற்று. தண்ணீர் குடித்தார். பிறகு, "கடைசியிலே இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று சொல்லி, என்னைப் பார்க்காமல் படித்தார்.

'எனக்கு இது மோசடி என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். இந்த மெயிலில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று இருக்கிறது. என் அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டாள். என்னிடம்கூட. அதனால் இது மோசடி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.'

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. பட்டுப் புடவை உடுத்தாமல் வந்தோமே என்றுகூட இருந்தது. தெருவில் ஒரு பைசா போகாமல் காப்பாற்றினது என் பிள்ளை, அவனுக்கு அடையாளம் காட்டினது நான். யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

கோடியாத்து மாமி பெருமூச்சு விட்டாள். "நல்ல புத்தி. உங்க பிள்ளைக்கு நல்ல புத்தி மாமி."

அவள் சொன்ன விதத்தில் புத்தி என்பது ஏதோ தோல் வியாதி மாதிரி இருந்தது.

"புத்தி இருக்கட்டும்," என்றாள் எதிராத்து மாமி. "அவன் இதை எழுதாம இருந்திருந்தா என் பிள்ளை பிளேன் ஏறியிருப்பான்."

"ஏறி?" என்றேன். "நீங்க இங்கே அடுக்களையிலே. லண்டன்லே போய் அவன் யாரைத் தேடியிருப்பான்?"

"தேடியிருப்பானே மாமி! அதைத்தானே சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும். பாயைச் சுருட்டும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை. அது எனக்குப் பழக்கமில்லாததால் நான் நின்றுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், தேஷ்யப்படாதேங்கோ. நெஜமாவே ஒரு நாள் உங்களுக்கு வேண்டி வந்தா? நீங்க கேட்டா அது மோசடின்னுன்னா அவனுக்குத் தோணும்?"

ஆத்துக்கு வந்து கதவைச் சாத்தினேன். முதலில் அவள் மேல் கோபமாக வந்தது. அப்புறம் பிள்ளை மேல். அப்புறம் ஒருவர் மேலும் வராமல் அது சும்மா உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கால் ஒரு நாள் நின்றுபோகும். இல்லையென்றால் வேறு ஏதாவது. அன்றைக்கு நான் அவனை வா என்று கூப்பிடுவேன். அவன் உடனே கம்பெனிக்குப் புகார் கொடுப்பான், இருக்கிற எல்லாருக்கும் எழுதுவான், இது என் அம்மா இல்லை, ஏமாறாதீர்கள் என்று. தப்பு அவன் மேலும் இல்லை. வருஷக்கணக்கில் வழக்கம்போல, வழக்கம்போல என்று சொல்லி நான்தான் அவனுக்கு அந்த அடையாளத்தைக் கற்றுக்கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கிழக்கேகோட்டையில் இருக்கிற போன் பூத்துக்குப் போனேன். ஆத்துப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. பூத்துக்காரன் நம்பரைப் போட்டுக் கொடுத்தான். அங்கே அப்போது சாயங்காலம். எந்தக் காலத்திலும் நான் அவனைக் கூப்பிட்டதில்லை, அவன் கூப்பிடுவதுதான் வழக்கம்.

"ஹலோ?"

"நான்தான்."

"அம்மாவா? என்ன ஆச்சு? முழங்காலா?"

"ஒண்ணும் ஆகலை. நன்னாத்தான் இருக்கேன்." பூத்துக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்கு ஒண்ணு வேணும்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"யார் பேசறது?" என்றான். குரல் மாறிவிட்டது. ஆபீஸ் குரல்.

"யார் பேசறதா? பெத்தவ பேசறேன்!"

"சரி. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. சின்ன வயசிலே எனக்கு எந்தக் கறி பிடிக்காது?"

"பிடிக்காததா? நீ என்ன திவான் பிள்ளையோ, உனக்குப் பிடிக்கிறது பிடிக்காததுன்னு நான் தனியா வெச்சுப் பண்றதுக்கு? தட்டிலே விழுந்ததைத் தின்னுட்டு எழுந்தே. ஊரார் காசிலே போன் பண்றேன்னு நினைச்சியோ, கறி விசாரிக்கறதுக்கு?"

"அம்மாதான்," என்றான். சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "சொல்லும்மா. என்ன வேணும்?"

இதற்குள் எனக்கு வாயில் வழக்கமானதுதான் வந்து நின்றது. ஒண்ணும் வேண்டாம், வெறுதே கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். கையும் ரிசீவரைப் பாதி இறக்கிவிட்டது. பிறகு, போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்ட மாதிரி, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னேன்.

"நீ. இங்கே. ஒரு தடவை. வரணும்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. லீவு பார்க்கிறேன் என்றான். வெளியே வந்தபோது பூத்துக்காரன் பாக்கிச் சில்லறையை நீட்டினான், அதை வாங்காமலே பாதி வழி வந்துவிட்டேன். அவன்தான் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

சித்திரையில் வந்தான். தலையில் பின்பக்கம் முடி குறைந்திருந்தது. தெருவே வந்து பார்த்தது. எதிராத்து மாமி, "உன்னாலேதான் எங்க காசெல்லாம் பிழைச்சுது," என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். சூப்பிரண்டு மாமா புதுப் பெட்டியின் பாஸ்வேர்டு போதுமான அளவு கடினமா என்று அவனிடம் பத்துப் பேர் நடுவில் உரக்கச் சொல்லி விசாரித்தார். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் போன பிறகு இலை போட்டேன். சாப்பிட்டான். தட்டில் விழுந்ததைத் தின்கிற பழக்கம் போகவில்லை. மோர் சாதத்துக்கு வந்ததும் கேட்டான்.

"இப்போ சொல்லு. எதுக்கு வரச் சொன்னே?"

"எதுக்கும் இல்லை. பாக்கணும்னு தோணித்து."

விரலில் ஒட்டின சாதத்தை இலையில் வழித்துப் போட்டான்.

"இதை நீ மெயில்லே எழுதியிருந்தா, அம்மா," என்றான், "நான் மோசடின்னு அன்னிக்கே ரிப்போர்ட் பண்ணியிருப்பேன்."

இன்னும் கொஞ்சம் மோர் விட்டேன். வேண்டாம் என்று கையால் மறைத்தான். அவன் விரல் மேலேயே விட்டேன்.